சுவிஸ் பழைய முத்திரையள்: எது அசல், எது போலி எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பேர்ண்_பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பேர்ண் பக்கம் இருக்கிறன். சின்னனில ஊரில முத்திரை சேர்த்தனான், பிறகு விட்டுப்போச்சு, இப்ப திரும்பவும் பைத்தியம் பிடிச்சிருக்கு. போன கிழமை இங்க ப்ரோக்கி எண்டு சொல்லுற பழைய சாமான் கடை ஒண்டில தடிச்ச ஆல்பம் ஒண்டு கிடந்துது, முன்பக்கம் முழுக்க அறுபது எழுபதுகளில வந்த சாதாரண சுவிஸ் முத்திரை, ஆனா கடைசிப் பக்கங்களைப் பிரட்டினா கனக்கப் பழசு, அதைப் பாத்ததும் பேரம் கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

என்னட்ட இருக்கிறது இதுகள்தான். மஞ்சள் ஒண்டு, மேல தபால் கொம்பு, நடுவில சிவப்புக்குள்ள வெள்ளைச் சிலுவை, ரேயான் ரெண்டு எண்டு எழுதி 10 ரப்பன் (இங்கத்தைய சதம்). ஓரத்தில துளைபோட்ட பல்லு இல்லை, கத்தரிக்கோலால வெட்டினது. பிறகு ஒரு பொம்பிளை ஈட்டியும் கேடயமும் வைச்சுக்கொண்டு இருக்கிற மாதிரி மண்ணிறத்தில 5, ஒறேஞ்சில 20, இதுகளும் பல்லு இல்லை, நாட்டின்ர பேரே எங்கயும் இல்லை, ஃபிராங்கோ எண்டும் ரப்பன், சான்தீம், சென்டெசிமி எண்டும்தான் சுத்திவர இருக்கு. அதே மாதிரிப் பொம்பிளை பல்லோடயும் ஹெல்வெட்டியா எண்ட சுவிஸின்ர லத்தீன் பேரோடயும் ஒரு பத்துப் பன்னிரண்டு. கடைசியா ஒரு சூரிச் 6, ஒரு பாசல் புறா. இந்த ரெண்டையும் பாத்துத்தான் எனக்கு நித்திரை வரேல்லை.

இணையத்தில விலையைப் பாத்தா தலை சுத்துது, ஒரே முத்திரைக்கு ரெண்டு ஃபிராங்க் எண்டும் இருக்கு ஆயிரக்கணக்கில எண்டும் இருக்கு. எதை வைச்சுப் பிரிக்கிறது? ஆல்பத்தில இருந்து தண்ணியில ஊறப்போட்டு எடுக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


பழைய_கவர்:

வாங்க தம்பி, நல்ல வேட்டை. முதல்ல தண்ணி பக்கமே போகாதீங்க, அந்த ஆல்பத்தை அப்படியே வச்சிருங்க, ட்வீசர்ஸ் இல்லாம கையாலயும் எடுக்காதீங்க. பழைய லித்தோ அச்சு, அதாவது கல்லுல வரைஞ்சு அடிச்சது, அதுவும் ரேயான் மாதிரி கலர் மேல கலர் போட்டது, ஊறப்போட்டு என்ன ஆகும்னு பரிசோதனை பண்ற இடம் அது இல்ல. கவர்லயோ கவர் துண்டுலயோ ஒட்டியிருந்தா இன்னும் மோசம், பிரிச்சு எடுத்தா பாதி மதிப்பு அந்த பேப்பரோட போயிடும்.

ரெண்டாவது, படத்தைப் பாக்கறதை நிறுத்துங்க. சுவிஸ் பழசுல படம் எல்லாரையும் ஏமாத்தும். சிலுவை, கொம்பு, அந்த அம்மா எல்லாத்தையும் நூறு வருஷத்துக்கு மேல ஆளாளுக்கு காப்பி அடிச்சிருக்காங்க, ஆனா பேப்பரை காப்பி அடிக்கறது கஷ்டம். அதனால ஒவ்வொண்ணையும் திருப்பிப் போட்டு பின்பக்கத்துல இருந்து ஆரம்பிங்க.

உங்க 5, 20 ரெண்டையும் ஸ்ட்ரூபெல்னு சொல்வாங்க, அந்த ஹெல்வெட்டியா அம்மாவுக்கு தலைமுடி பரட்டையா இருக்கும். 1854ல இருந்து 1862 வரைக்கும் ஓடுன சீரிஸ். முதல்ல கொஞ்ச காலம் ம்யூனிக்ல அடிச்சாங்க, அப்புறம் பேர்ண்லயே, அதாவது உங்க ஊர்லயே அடிச்சாங்க. இதோட உயிரே பேப்பருக்குள்ள ஓடுற பட்டு நூல். பேப்பர் செய்யும்போதே உள்ள விட்டு செஞ்சது, ஒவ்வொரு ஸ்டாம்ப்லயும் குறுக்கால ஒரு நூல் போகும். பின்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, லேசா ஒரு மேடு தெரியும், சில இடத்துல நூல் வெளிய வந்து கலரே கண்ணுக்குத் தெரியும், ஓரத்துல வெட்டுன இடத்துல லென்ஸ் வச்சா அறுந்த நூல் முனை குட்டி புள்ளி மாதிரி நிக்கும். நூல் பச்சையா, கறுப்பா, சிவப்பா, மஞ்சளா, நீலமாங்கறதையும் பேப்பர் தடிசா மெல்லிசாங்கறதையும் வச்சுதான் எந்த அச்சுன்னு கேட்டலாக் பிரிக்கும். நீங்க பாத்த ரெண்டு ஃபிராங்க், ஆயிரம் ஃபிராங்க் வித்தியாசம் பாதி இதுல இருந்துதான் வருது. ம்யூனிக் அச்சு ரொம்ப துல்லியமா இருக்கும், கேடயத்துல இருக்கற கோடு, துணி மடிப்பு எல்லாம் தனித்தனியா நிக்கும், பின்னாடி பேர்ண்ல மெல்லிசு பேப்பர்ல வந்தது கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கும், அதுல நூல் பச்சை. நூலே இல்லன்னா பேசறதுக்கு ஒண்ணுமில்ல, ஆல்பம் அலங்காரம்தான்.

அப்புறம் ஸ்ட்ரூபெல்ல படம் மேடா எழும்பி இருக்கும், எம்பாஸிங். பின்னாடி விரல் வைக்காம வெளிச்சத்துல பாத்தாலே அந்த அம்மா உருவம் குழியா தெரியணும். மார்ஜினையும் பாருங்க. ஷீட்ல ரொம்ப நெருக்கமா அடிச்சு வச்சிருந்தாங்க, போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு பின்னாடி வரப்போற கலெக்டரைப் பத்தி என்ன கவலை, கத்தரிக்கோலை விட்டு டிசைனுக்குள்ளயே வெட்டித் தள்ளியிருக்காங்க. நாலு பக்கமும் டிசைன் முழுசா, சுத்தி கொஞ்சமாவது வெள்ளை இருந்தா அது நல்ல காப்பி, ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தாலும் விலை சர்ருன்னு இறங்கும்.

நைட் வந்து ரேயான் பத்தி எழுதறேன், அதுதான் எனக்கு பிடிச்ச ஏரியா.


மூலைவெட்டு:

சூரிச் 6, பாசல் புறா ரெண்டும் ஒரே ப்ரோக்கி ஆல்பத்துலயா 😀 ப்ரோ தூங்குங்க நிம்மதியா, ரெண்டும் டூப்பு. உலகத்துலயே ரெண்டாவதா ஸ்டாம்ப் விட்டது பிரேசில், அதுக்கு அடுத்து சூரிச், அந்த லெவல் அயிட்டம் பழைய சாமான் கடையில யாரு விட்டுட்டு போவாங்க.


பழைய_கவர்:

@மூலைவெட்டு டூப்புன்னுதான் எனக்கும் தோணுது, ஆனா வரிசையை மாத்தாதீங்க. இங்கிலாந்து 1840 மே, சூரிச் 1843 மார்ச் 1, பிரேசிலோட மாட்டுக்கண் ஸ்டாம்ப் அதே வருஷம் ஆகஸ்ட் 1, ஜெனிவா அக்டோபர் 1. முழு நாடுன்னு கணக்கு எடுத்தா பிரேசில் ரெண்டாவது, அது சரிதான், அப்போ சுவிஸ்ல மத்திய தபாலே கிடையாது, ஒவ்வொரு கான்டனும், அதாவது அவங்க மாநிலம், தனித்தனியா தபால் நடத்திட்டு இருந்துது. ஆனா தேதிப்படி பாத்தா சூரிச் முந்தி.

தம்பி, சூரிச் 6க்கு இதைப் பாருங்க. ஒரிஜினல்ல படம் அடிக்கறதுக்கு முன்னாடியே பேப்பர் பூரா மெல்லிசா சிவப்புக் கோடு போட்டிருப்பாங்க, முதல்ல வந்ததுல கோடு மேலிருந்து கீழ, பின்னாடி வந்ததுல குறுக்கால. ரொம்ப வெளிறிப்போயிருக்கும், சில நேரம் லென்ஸ் இல்லாம தெரியவே தெரியாது, அதனால கோடு இல்லன்னு உடனே தூக்கிப் போடவும் கூடாது. போலியில ஒண்ணு கோடே இருக்காது, இல்லன்னா நோட்டுப் புத்தகம் மாதிரி பளிச்சுன்னு தடிசா இருக்கும். 4 உள்ளூர் கடிதத்துக்கு, கீழ லோக்கால் டாக்ஸே-ன்னு இருக்கும், 6 கான்டன் முழுக்க போறதுக்கு, கான்டோனால் டாக்ஸே. ஓரெல் ஃபூஸ்லி அச்சகத்துல லித்தோவுல அடிச்சது. ஒரே நம்பரை அஞ்சு விதமா வரைஞ்சு அதையே திரும்பத் திரும்ப வச்சு நூறு ஸ்டாம்ப் ஷீட் பண்ணாங்க, அதனால நிஜமான ஸ்டாம்ப்னா அந்த அஞ்சுல ஒண்ணோட பொருந்தியே ஆகணும். எதோடயும் பொருந்தலன்னா முடிஞ்சுது கதை. கேன்சலேஷன், அதாவது ஸ்டாம்ப் மேல குத்தற சீல், சூரிச்ல ஒரு பூ மாதிரி, ரோசெட்னு சொல்வாங்க, சிவப்புலயும் வரும் கறுப்புலயும் வரும்.

புறாவுக்கு இவ்வளவு கூட வேண்டாம். புறா மேடா இருக்கா? பாசல் புறா 1845 ஜூலை 1, இரண்டரை ரப்பன், மெல்கியோர் பெர்ரிங்கற கட்டடக் கலைஞர் டிசைன் பண்ணது, அச்சடிச்சது ஃபிராங்க்ஃபர்ட்ல. கறுப்பு, கருஞ்சிவப்பு, நீலம்னு மூணு கலர், அதுக்கு மேல வெள்ளைப் புறா எம்பாஸிங்ல எழும்பி வாயில கடிதத்தோட நிக்கும். அந்தக் காலத்துல மூணு கலர்ல ஸ்டாம்ப் விட்டது இவங்கதான் முதல். தட்டையா இருந்தா யோசிக்கவே வேண்டாம். நூற்றாண்டுக்கு 1945லயும் புறாவை வச்சு ஒரு ஷீட் விட்டாங்க, அதுல இருந்து வெட்டி ஒட்டி வச்சிருக்காங்களான்னும் பாத்துக்கோங்க.


கொம்புத்தபால்:

போலின்னு சொன்னீங்களே, அதுக்கு கூடுதலா ஒண்ணு. ஜெனிவாவுல ஃபிரான்சுவா ஃபோர்னியேன்னு ஒருத்தர் இருந்தார், 1917ல இறந்தார். அவர் இதை ஒளிச்சு மறைச்சு எல்லாம் செய்யல, விலைப்பட்டியல் போட்டு, பத்திரிகை நடத்தி, காசு இல்லாதவனும் ஆல்பத்துல அந்த இடத்தை நிரப்பிக்கட்டும்னு பகிரங்கமாவே வித்தார். சூரிச், ஜெனிவா, பாசல் எல்லாம் அவர் சரக்குல உண்டு. அவர் போனப்புறம் மிச்சம் இருந்ததை ஜெனிவா தபால்தலை சங்கம் வாங்கி, ஃபோ-ன்னு, அதாவது போலின்னு குத்தி, ஆல்பமா ஒட்டி வித்தாங்க, இன்னைக்கு அந்த ஆல்பத்துக்கே நல்ல விலை! அதனால உங்க புறாவை திருப்பிப் பாருங்க, பின்னாடி அந்த வார்த்தை இருந்தா அது ஃபோர்னியே காப்பின்னு தனியா வித்தா வாங்கறதுக்கும் ஆள் இருக்கு. நான் போலி மட்டும்தான் சேக்கறேன், வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க, சிரிச்சிட்டுப் போகட்டும்.


பேர்ண்_பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி ஜன்னலடியில வைச்சுப் பாத்தன்.

மண்ணிற 5, ஒறேஞ் 20 ரெண்டிலயும் நூல் இருக்கு!! பின்பக்கம் சாய்ச்சுப் பிடிக்க ஒரு கோடு மாதிரி மேடாத் தெரியுது, 20ல வலப்பக்க ஓரத்தில பச்சையா ஒரு துளி வெளிய நிக்குது, முந்தி அதை ஏதோ ஊத்தை எண்டு நினைச்சுத் தட்டப் பாத்தனான், நல்ல காலம் தட்டுப்படேல்லை. பேப்பர் ரெண்டுமே மெல்லிசு. 5ல மூண்டு பக்கம் வெள்ளை இருக்கு, கீழ்ப்பக்கம் வெட்டு உள்ளுக்குப் போயிட்டுது. 20 நாலு பக்கமும் இருக்கு ஆனா சரியான ஒடுக்கம்.

புறா தட்டை. மேடும் இல்லை பள்ளமும் இல்லை. பின்னால சாம்பல் நிறத்தில ஏதோ எழுத்து, பாதி ஹிஞ்ச் பேப்பருக்கு (ஆல்பத்தில ஒட்டுற சின்னத் துண்டு) கீழ மறைஞ்சு கிடக்கு. சூரிச் 6ல சிவப்புக் கோடு ஒண்டும் இல்லை, லென்ஸ் வைச்சும் இல்லை, நடு 6 ஏதோ கையால கீறின மாதிரி இருக்கு. சரி, அந்த ரெண்டும் போகட்டும்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லுறன் எண்டனீங்கள் அண்ணை, பாத்துக்கொண்டிருக்கிறன். அதில சிலுவையைச் சுத்தி மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிற மாதிரியும் கிடக்கு இல்லாத மாதிரியும் கிடக்கு.


பழைய_கவர்:

பச்சை நூல், மெல்லிசு பேப்பர்னா அது பேர்ண் கடைசி அச்சு, எல்லார்கிட்டயும் இருக்கறது, ஆனா 160 வருஷத்துக்கு மேல ஆன நிஜமான ஸ்ட்ரூபெல். 20ல நாலு மார்ஜினும் இருக்குன்னா சந்தோஷமா வச்சுக்கோங்க.

இப்ப ரேயான். 1848ல அரசியல் சட்டம் வந்து, 1849 ஜனவரி 1ல இருந்து கான்டன் தபால் எல்லாம் போய் மத்திய தபால் ஆச்சு. ஆனா ஸ்டாம்ப் உடனே வரல. நடுவுல ஜெனிவா பக்கமும், வின்டர்தூர்லயும், நியூஷாத்தெல்லயும் அங்கங்க தற்காலிகமா சில ஸ்டாம்ப் விட்டாங்க, பழைய கேட்டலாக்ல இதையும் கான்டன் ஸ்டாம்ப்னு சேத்து எழுதியிருப்பாங்க, நிஜத்துல அது மத்திய தபால் வந்ததுக்கு அப்புறம் வந்தது. 1850ல முதல்ல உள்ளூருக்கு இரண்டரை ரப்பன், ஜெர்மன் பேசற பக்கத்துக்கு ஓர்ட்ஸ் போஸ்ட்னும் ஃபிரெஞ்சு பக்கத்துக்கு போஸ்ட் லோக்கால்னும் வந்துது. அப்புறம்தான் ரேயான். ரேயான்னா தூர வட்டம். கிலோமீட்டர் கணக்கு இல்ல, நடை நேரக் கணக்கு, ஒரு மணி நேர நடைன்னா 4.8 கிலோமீட்டர். பத்து மணி நடைக்குள்ள ரேயான் ஒண்ணு, 5 ரப்பன், நீலம். அதுக்கு மேல ரேயான் ரெண்டு, 10 ரப்பன், உங்க மஞ்சள். 15க்கு ரேயான் மூணு, 1852ல சிவப்புல வந்துது.

இதையெல்லாம் கல்லுல வரைஞ்சு அடிச்சது பேர்ண்ல இருந்த கார்ல் டுர்ஹைம்னு ஒரு லித்தோ ஆள். அந்த மனுஷன் கேமராவும் வச்சிருந்தார், 1852, 53ல நாடோடிகளைப் பிடிச்சு அடையாளத்துக்காக போட்டோ எடுத்து வைக்கச் சொல்லி அரசாங்கம் இவரைத்தான் கூப்பிட்டுது, போலீஸ் போட்டோவுல உலகத்துலயே ரொம்ப முந்தினதுல அதுவும் ஒண்ணு. ஸ்டாம்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா பேர்ண்ல இருக்கீங்க, தெரிஞ்சு வச்சுக்கோங்க.

டுர்ஹைம் 40 ஸ்டாம்ப்பை ஒவ்வொண்ணா கல்லுல கொண்டு வந்தார், அந்த 40 தொகுதியை நாலு தடவை வச்சு 160 ஸ்டாம்ப் ஷீட். நாப்பதும் லேசா வேற வேற. ஒண்ணுல கொம்போட கயிறு கொஞ்சம் அறுந்திருக்கும், இன்னொண்ணுல எழுத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி, பின்னணியில இருக்கற அலங்காரக் கோட்டுல எங்கயாவது ஒரு வளைவு தப்பியிருக்கும். உங்க மஞ்சள் அந்த நாப்பதுல எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் இந்த விளையாட்டே, ப்ளேட்டிங். ஒரு ராத்திரி பூரா லென்ஸோட உக்காந்தா கண்ணு வலிக்கும் ஆனா கிடைக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே. அதைவிட முக்கியம், நாப்பதுல எதுலயுமே உக்காரலன்னா அது போலி. சர்டிபிகேட் குடுக்கற நிபுணரும் இதைத்தான் முதல்ல செய்வார்.

சிலுவைக் கோடு கேட்டீங்க. வெள்ளைச் சிலுவையை சுத்தி மெல்லிசா கறுப்பு அவுட்லைன் இருக்கறது இல்லாததுன்னு ரெண்டு வகை உண்டு. ரேயான் ரெண்டுல அந்தக் கோடு இருந்தா அபூர்வம், ரொம்ப. போஸ்ட் லோக்கால்ல நேர்மாறு, அதுல கோடு இல்லாததுதான் அபூர்வம். அதனால என்ன பண்றாங்க, ரேயான்ல பேனாவை வச்சு கோடு வரையறாங்க, போஸ்ட் லோக்கால்ல பிளேடை வச்சு கோட்டை சுரண்டி எடுக்கறாங்க 😄 உங்களதுல “இருக்கற மாதிரியும் இல்லாத மாதிரியும்”னா ஒண்ணு கல்லுல இருந்து அரைகுறையா வந்த தடம், ரேயான் ரெண்டுல சில டைப்புல அப்படி மிச்சம் மீதி தெரியும், இல்லன்னா யாரோ கை வச்சிருக்காங்க. லென்ஸ்ல பாருங்க, கோடு சிவப்புக்கு அடியில போகுதா மேல போகுதா? மை பேப்பருக்குள்ள ஊறிப் பரவின மாதிரி இருந்தா பேனா. லித்தோ கறுப்பு பரவாது, மேல படிஞ்சு நிக்கும்.

முத்திரை எப்படி குத்தியிருக்கு? அந்தக் காலத்துல ஸ்டாம்ப் மேல சாய்சதுரத்துல கம்பி கம்பியா ஒரு கேன்சலேஷன் குத்துவாங்க, தேதி முத்திரையை கவர்ல பக்கத்துல குத்துவாங்க. பேனாவால கிறுக்கி அடிச்சதும் உண்டு. ஸ்டாம்ப் மேலயே அழகா வட்டமா ஊர் பேர், தேதின்னு இருந்தா தேதியைப் பாத்து சந்தேகப்படுங்க.


சூரிச்_சுதா:

இப்பதான் இந்த இழையைப் பாத்தன். தம்பி, நானும் சூரிச்சில இருக்கிறன், இதில கொஞ்சக் காலமா இருக்கிறபடியால் காசு விசயத்தை நான் சொல்லுறன், ஏனெண்டா அண்ணை ப்ளேட்டிங் எண்டு துவங்கினா விலையை மறந்திடுவார்.

கேட்டலாக்கில போட்டிருக்கிற விலை கடையில கிடைக்கிற விலை இல்லை. ஸும்ஸ்டைன் எண்ட சுவிஸ் கேட்டலாக்கில ஒரு தொகை போட்டிருந்தா, அது குறை ஒண்டும் இல்லாத முத்திரைக்கு, அதையும் ஏலத்தில அதின்ர ஒரு பகுதிக்குத்தான் கேப்பினம். பின்னால மெலிஞ்சு போனது, மூலை மடிஞ்சது, வெட்டுப்பட்டது எண்டால் இன்னும் குறையும். சர்டிபிகேட்டுக்கு நிபுணருக்குக் குடுக்கிற காசு உங்கட மண்ணிற 5ன்ர விலையை விடக் கூட வரும், அதனால எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுக்க வேண்டாம். முதல்ல ஏதாவது சங்கத்துக் கூட்டத்துக்குப் போங்கோ, இங்க ஒவ்வொரு ஊரிலயும் முத்திரைச் சங்கம் இருக்கு, எல்லாம் வயசானாக்கள், இளம் ஆள் ஒருத்தர் அதுவும் தமிழ்ப் பெடியன் வந்து ரேயான் எண்டு கேட்டா கதிரை இழுத்துப் போட்டு இருத்தி விடிய விடியச் சொல்லித் தருவினம். அங்க ரெண்டு மூண்டு பேர் பாத்து “உதைக் காட்டு” எண்டு சொன்னால் மட்டும் நிபுணரிட்ட அனுப்புங்கோ. ஏலக் கம்பனியளும் சும்மா பாத்துச் சொல்லுவினம், ஆனா அவையளுக்கு விக்கிறதில தான் கண்.

மற்றது, பல்லு வைச்ச ஹெல்வெட்டியா பத்துப் பன்னிரண்டு எண்டனீங்கள், அதைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல, உங்கட ஆல்பத்தில சுவாரசியம் அதிலதான் இருக்கும் போல. 1862 ஒக்டோபரில துவங்கினது, அப்பதான் முதல்முதலா நாட்டின்ர பேர் வருது, அதுவும் லத்தீனில, ஒரு பாஷைக்காரரும் சண்டைக்கு வர ஏலாது. இதில நூல் இல்லை, அதுக்குப் பதிலா பேப்பரில ஒரு முட்டை வடிவ அடையாளம், உள்ளுக்குச் சிலுவையோட, அமத்தி வைச்சிருப்பினம். அதையும் பின்பக்கம் சாய்ச்சுப் பிடிச்சாத் தான் காணலாம். சிலதில தலைகீழாக் கிடக்கும், சிலதில ரெண்டு தரம் அமத்தினது இருக்கும், அதுகளுக்குத் தனி விலை. ஒரு ஃபிராங்க் தங்க நிறத்தில இருந்தா சொல்லுங்கோ, உண்மையா உலோக மையால அடிச்சது, கனபேற்றை கறுத்துப்போய்க் கிடக்கும்.

இப்ப கவனம். 1881ல இதே ஹெல்வெட்டியாவை வேற பேப்பரில அடிச்சவை. வெள்ளைப் பேப்பருக்குப் பதிலா உள்ளுக்கு சிவப்பும் நீலமுமாய் மெல்லிய பட்டு நார் தூவின பேப்பர். லென்ஸ் வைச்சா மயிர் மாதிரித் துண்டு துண்டாத் தெரியும். அடுத்த வருசம் 1882 ஏப்ரலில புது டிசைன் வந்திட்டுது, நிக்கிற ஹெல்வெட்டியாவும் சிலுவையும் நம்பரும் போட்டதும், அதால இந்த நார்ப் பேப்பர் இருக்கிற ஹெல்வெட்டியா தபாலில ஓடின காலம் சரியான குறைச்சல். பாவிக்காதது கட்டுக்கட்டா மிஞ்சி மலிவாக் கிடக்கு, பாவிச்சது சரியான விலை. முத்திரையில வழமையா நடக்கிறதுக்கு நேர் எதிர். பிறகென்ன, மலிவா வாங்கின புதுசில போலிச் சீல் குத்தி விக்கிறதுதான் தொழில். எங்கயாவது நார்ப் பேப்பரில வடிவான வட்டச் சீலோட கண்டால் சர்டிபிகேட் இல்லாமல் ஒரு சதமும் குடுக்காதேங்கோ.


மூலைவெட்டு:

சுதா அக்கா சொன்ன அந்த ரிவர்ஸ் விலை மேட்டர் செம. இங்க சென்னையில ஒரு டீலர்கிட்ட ஒரு செட் பாத்தேன், எல்லாமே யூஸ்ட், எல்லாத்துலயும் ஒரே ஊர் ஒரே தேதி, அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு, இப்பதான் புரியுது.

அப்புறம் அந்த நிக்கற ஹெல்வெட்டியாவுல பெர்ஃப், அதாவது ஓரத்துப் பல் எண்ணிக்கை, வச்சு விலை மாறும்னு சொல்றாங்களே, அது உண்மையா? சாதா ஸ்கேல் வச்சா போதுமா?


பழைய_கவர்:

உண்மைதான். நிக்கற ஹெல்வெட்டியா 1882ல இருந்து ரொம்ப வருஷம் ஓடுச்சு, நடுவுல மெஷின் மாத்தி மாத்தி பல் போட்டாங்க, ரெண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை பல்லுன்னு கணக்கு, பதினொண்ணே முக்கால் ஒண்ணு, ஒன்பதே முக்காலுக்கு ஒன்பதே கால்னு ஒண்ணு, பதினொண்ணரைக்கு பதினொண்ணுன்னு ஒண்ணு. கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான், அளந்தா சில கலர் சில பல்லுல நல்ல விலை. ஸ்கேல் போதாது, பெர்ஃபரேஷன் கேஜ் வாங்குங்க, பிளாஸ்டிக்ல சல்லிசா கிடைக்கும். மேல ஒரு தடவை சைடுல ஒரு தடவை அளக்கணும், மேல மட்டும் அளந்துட்டு கத்துனவன் நிறைய பேர்.

ஒரே ஊர் ஒரே தேதி செட்டை வாங்காதீங்க.


பேர்ண்_பெடியன்:

சுதா அக்கா சொன்ன பிறகு பல்லு வைச்சதுகளைப் பாத்தன். எல்லாத்திலயும் அந்த முட்டை அடையாளம் கிடக்கு, ஒரு நீல 10ல தலைகீழ் போல தெரியுது, சரியாச் சொல்லத் தெரியேல்லை. பச்சை 25 ரெண்டு, மண்ணிற 5 மூண்டு, மஞ்சள் 15 ஒண்டு. தங்கம் இல்லை 🙁 நார்ப் பேப்பர் ஒண்டே ஒண்டு, 2 ரப்பன், சீல் இல்லை, பின்னால பசையும் இருக்கு.

ரேயான் மஞ்சளில சாய்சதுரக் கம்பிச் சீல்தான், கறுப்பு. சிலுவைக்கோடு இடப்பக்கமும் கீழயும் மட்டும் துண்டு துண்டாத் தெரியுது, சிவப்பு அதுக்கு மேல ஏறிக் கிடக்கு, பரவின மாதிரித் தெரியேல்லை.


கொம்புத்தபால்:

சிவப்புக்கு அடியில கறுப்பு, அதுவும் துண்டு துண்டா ரெண்டு பக்கம் மட்டும்னா யாரும் வரையல, வரையறவன் நாலு பக்கமும் முழுசா வரைஞ்சிருப்பான். கல்லோட மிச்சம்தான்.

புறா பின்னாடி எழுத்து என்னாச்சு? அந்த ஹிஞ்சை லேசா ஈரம் காட்டி எடுத்துப் பாருங்க, போலிதானே, பயப்பட வேண்டாம். ஃபோர்னியேன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, விலை பேசுவோம்.


பழைய_கவர்:

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். முழு அவுட்லைன் இல்ல, ஆனா அந்தத் தடம் எந்த டைப்புல வரும்னு தேடறதுக்கு அதுவே நல்ல துப்பு. நல்ல ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணிப் போடுங்க, கொம்பு பக்கம் ஒண்ணு, கீழ எழுத்துப் பட்டை பக்கம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கறேன். தலைகீழ் அடையாளம்னு நினைக்கற 10 நீலத்தையும் பின்பக்கம் சைடு லைட் அடிச்சு போட்டோ எடுங்க, டார்ச்சை மேசையோட ஒட்டிப் பிடிச்சீங்கன்னா பட்டை தீட்டுன மாதிரி தெரியும்.


சூரிச்_சுதா:

ஆல்பத்தின்ர முன்பக்க முத்திரையளை எறிஞ்சு போடாதேங்கோ தம்பி. 1964க்குப் பிறகு வந்த சுவிஸ் முத்திரை, சீல் படாமல் இருந்தால், இண்டைக்கும் கடிதத்தில ஒட்டலாம், செல்லும். நான் தீபாவளி வாழ்த்து அனுப்புறது எல்லாம் அப்பிடித்தான், ஒரு கவரில எட்டு ஒன்பது முத்திரை, விலாசம் எழுத இடம் இல்லை.


பேர்ண்_பெடியன்:

ஐயோ அது தெரியாதே, அதில நூற்றுக்கு மேல சீல் படாமல் கிடக்கு! பேரம் பேசாமல் வாங்கினது பரவாயில்லை அப்ப.

ஸ்கேன் நாளைக்குப் போடுறன். புறாவின்ர ஹிஞ்சை இப்ப எடுத்தனான், கீழ ஃபோ எண்டு அச்சடிச்சுக் கிடக்கு. @கொம்புத்தபால் அண்ணா, மெசேஜ் போட்டிருக்கிறன் பாருங்கோ.